பதினான்காம் கேள்வி

எண்களை அழிப்பதுதான் எனக்கு வேலை.
ஊபி தொழிற்பேட்டை, நான்காம் தளம்,
தொடக்கநிலை நான்குக்கான கணக்குப் பயிற்சிப் புத்தகம்.
முதலில் அட்டவணையை முழுசாக நிரப்புவேன்.
எதை எடுத்தால் பிள்ளை தடுமாறும்,
எதை எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று பார்த்து
ஒன்றிரண்டைப் பிடுங்குவேன்.
பிடுங்கிய இடத்தில் ஒரு கோடு,
கோட்டுக்கு மேலே கொஞ்சம் வெள்ளை,
பென்சில் வந்து நின்று யோசிக்க.

அடுத்தடுத்த இரண்டு எண்ணை விட்டுவைத்தால் போதும்,
பெரியதில் சிறியதைக் கழித்து
அந்த அடியை வைத்தே நடந்து போய்விடுவார்கள்.
குறும்பு தோன்றும் நாளில்
7, கோடு, கோடு, 22 என்று வைப்பேன்.
பதினைந்தை இரண்டால் வகுத்து
பாதி வகுப்பு ஏழரையில் மாட்டிக்கொள்ளும்.
காலிக் கட்டம் இரண்டுதான்,
தாண்ட வேண்டியது மூன்று.
விடைப் பகுதியில் இதை ஒரு வரி எழுதியிருந்தேன்.
சியூ லான் வெட்டிவிட்டாள். இடமில்லையாம்.

நான் இருக்கும் புளோக்கில் மின்தூக்கி
1, 5, 9, 13 இல் மட்டும் நிற்கும்.
என் வீடு ஏழில்.
ஐந்தில் இறங்கினால் இரண்டு மாடி ஏற வேண்டும்,
ஒன்பதில் இறங்கினால் இரண்டு மாடி இறங்க வேண்டும்.
அரிசி மூட்டை இருந்தால் ஒன்பது,
வெறுங்கை என்றால் ஐந்து.
ஒருநாள் படியில் மூச்சு வாங்கி நின்றபோதுதான்
பதினான்காம் கேள்வி கிடைத்தது:
இரண்டு நிறுத்தங்களுக்கு நட்டநடுவில்
அகப்பட்ட மாடிகள்.
7, 11, 15, 19, 23.
வித்தியாசம் அதே நான்குதான்,
தொடங்கிய இடம் மட்டும் வேறு.
பத்தொன்பதும் இருபத்து மூன்றும்
எங்கள் புளோக்கில் கிடையாது.
தாளில் கட்டுவதற்கு வீவகவைக் கேட்க வேண்டாமே.

பத்தொன்பதை அழித்தேன்.
அச்சாகி வந்தபோது
பதினைந்து பதினாறாகியிருந்தது.
யார் விரல் என்று கேட்காதீர்கள்,
என் விரல்தான்.

மூவாயிரம் பிரதி.
வெள்ளிக்கிழமை இரவு நானும் சியூ லானும்
நகத்தளவு ஒட்டுத்தாளில் 15, 15, 15...
ஆறிப்போன கோப்பி-ஓ,
ஆளுக்குப் பாதி மீ கோரெங்.
"பொது வித்தியாசம் சுழியம்" என்றாள்
தலை நிமிராமல்.
என் சம்பளத்தைச் சொல்கிறாயா என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.

அதற்குள் நாற்பது பிரதி கைமாறியிருந்தது.
அதில் ஒன்றின் பக்கத்தைப் படமெடுத்து
பிடோக்கிலிருந்து ஒரு தாய் அனுப்பியிருந்தார்,
காசைத் திருப்பிக் கேட்டு.
நியாயம்தான்.
படத்தைப் பெரிதாக்கினேன்.
ஷஃபீக்கா, 4C.
ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு குட்டி வளைவு,
வளைவுகளுக்குள் 4, 5, 3, 4.
கோட்டின் மேல், தாள் குழியும்படி அழுத்தி, 19.
ஓரத்தில் பொடியாக:
பதினாறு அவசரப்பட்டு முன்னால் போய்விட்டது,
பத்தொன்பது தன் இடத்திலேயே நிற்கிறது.

என் பிழையை அவள் அடிக்கவில்லை.
அதன் மேலும் ஒரு வளைவு போட்டுத்
தாண்டிப் போயிருக்கிறாள்.

காசையும் ஒட்டிய பிரதி ஒன்றையும்
பிடோக் முகவரிக்கு எடுத்துவைத்தேன்.
ஒட்டாத பிரதி ஒன்று
சியூ லான் கை கழுவப் போன நேரத்தில்
என் பைக்குள் வந்துவிட்டது.

கடைசிப் பேருந்து.
கையில் அரிசி இல்லை,
இருந்தும் ஒன்பதை அழுத்தினேன்.
இறங்கும் வழியில் எட்டு.
மின்தூக்கியின் தொடரிலும் அது இல்லை,
என் தொடரிலும் இல்லை.
அங்கேயும் ஒரு வீட்டில்
இந்த நேரத்துக்கு யாரோ
பூண்டு வதக்கிக்கொண்டிருக்கிறார்கள்.